குங்குமம்: ஒரு சொல்லும் மூன்று பொருளும்

சிலப்பதிகாரத்து அந்திமாலைச் சிறப்புச்செய் காதையை முதுகலை வகுப்பிற்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவியொருவர் எழுந்து ஓர் ஐயம் வினவினார். கோவலன் மாதவிபாற் சென்றபின் தனித்திருந்த கண்ணகியின் நிலையை இளங்கோவடிகள் காட்டும் இடம் அது. காலிற் சிலம்பு இல்லை, இடையில் மேகலை இல்லை, குங்குமம் இல்லை, கண்ணில் அஞ்சனம் இல்லை, நுதலில் திலகம் இல்லை. மங்கல அணியையன்றிப் பிறிதோர் அணியை அவள் விரும்பினாளில்லை. "கணவன் உயிரோடிருக்கும்போது குங்குமத்தை எந்தப் பெண்ணாவது விடுவாளா, ஐயா? கணவர் வெளியூர் சென்றிருந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னிலும் கருத்தாக அதனை வைத்துக்கொள்வார்கள். மங்கல அணியை விடாத கண்ணகி குங்குமத்தை மட்டும் ஏன் விட்டாள்?" என்பது அவர் வினா.

பிரிவுத்துயரின் மிகுதியால் என விடை கூறி மேற்சென்றோம். அவ்விடை அவருக்கு நிறைவு தரவில்லை என்பதை முகமே காட்டிற்று. அன்று மாலை அப்பகுதியை மீட்டும் பயின்றபோது பிழை எம்முடையதே எனத் தெளிந்தோம். குங்குமம் என்னும் சொல்லைக் கண்டவளவில், இக்காலத்துச் சிமிழில் இருக்கும் செந்தூளை மாணவி நினைத்தார். ஆசிரியராகிய யாமும் அதனையே நினைத்துவிட்டோம்.

அடிகள் குங்குமத்தை நெற்றியொடு சார்த்திக் கூறவேயில்லை. மார்பின்மேல் அஃது எழுதப்படாமையையே கூறுகின்றார். நெற்றிக்குரியது திலகம், அது கண்ணுக்குரிய அஞ்சனத்தின்பின் தனியே எண்ணப்படுகின்றது. இரண்டும் ஒன்றாயின் ஒரே தொடரில் இருமுறை கூறவேண்டுவதில்லை. வினைச்சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. இக்காலத்தார் குங்குமத்தை 'இடுவர்', 'வைப்பர்'. அடிகள் காலத்தார் 'எழுதினர்'. தூளை இடலாம், தூவலாம். எழுதுதற்குக் குழம்பு வேண்டும். சங்க இலக்கியத்து மகளிர் மார்பிலும் தோளிலும் தொய்யில் எழுதிய வழக்கத்தின் தொடர்ச்சியே இஃது என்பது எம் கருத்து. இடைக்கால நூல்களில் குங்குமம் சேறு, குழம்பு என்னும் சொற்களை அடுத்துப் பயில வருதலும் இதற்கு அரண் செய்யும்.

எனின், அக்குழம்பு யாது? இன்று நாம் குங்குமப்பூ என வழங்கும் பொருளே அது. ஊதாநிறப் பூவொன்றின் நடுவிலுள்ள மூன்று சிவந்த சூல்முடி இழைகளைக் கையாற் கிள்ளி உலர்த்துவர். உலர்ந்த இழை ஒரு கிலோ பெறுதற்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். பூப்பது கூதிர்காலத்துச் சில வாரங்களே, கொய்வது விடியற்காலையில். பாரத நாட்டில் இது சிறப்புற விளைவது காசுமீரத்துப் பாம்பூர்ப் பகுதியில். வடமொழியில் குங்குமத்திற்குக் காசுமீரம் என்பதே ஒரு பெயராதல் காண்க. தமிழகத்தின் வெம்மை இச்செடிக்கு ஒவ்வாது. ஆதலின் தமிழ் மகளிர் மார்பில் எழுதிய குங்குமம் நெடுவழி கடந்து வந்த விலையுயர்ந்த பண்டமாம். புகார் நகரத்துப் பெருவணிகன் மருமகளுக்கு அது அருமையாயிராது. எல்லா மனைகளிலும் அது வழங்கிற்று என்று கொள்ளுதற்கு இடமில்லை. இவ்விழையின் நிறப்பொருள் நீரில் எளிதிற் கரைவது. சந்தனத்தோடு இழைத்தால் பொன்கலந்த செந்நிறமும் நறுமணமும் ஒருங்கே தரும். மார்பில் எழுதுதற்கு இதனினும் தக்க பொருள் அரிது.

இத்தகைய அரும்பொருளின் பெயர் மஞ்சட்கிழங்கின் தூளுக்கு வந்து சேர்ந்த வரலாறே சுவையுடையது. மஞ்சளைக்கொண்டு குங்குமம் செய்யும் முறை இன்றும் சில குடும்பங்களில் உண்டு. கிழங்கை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, வெங்காரமும் படிகாரமும் கூட்டி, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்துச் சிறிது நல்லெண்ணெய் விட்டுப் பிசைவர். மஞ்சள் நிறம் செந்நிறமாகும். வேதியியலார் இதன் காரணத்தை விளக்குவர். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின், சுண்ணாம்பு போன்ற காரம் பட்டாற் சிவக்கும். ஆரத்தி நீர் சிவத்தல் இதனாலேயே. ஆயினும் அச்சிவப்பு நிலையாது. புளிப்புப் பட்டவுடன் பழைய மஞ்சளாகும். வெங்காரத்திலுள்ள போரான் எலுமிச்சைப் புளிப்பின் துணையோடு குர்க்குமினைப் பற்றி உண்டாக்கும் சிவப்போ அவ்வாறு மாறுவதன்று. சுண்ணாம்பு எளிதிற் கிடைப்பதாயிருக்க, வெங்காரத்தையும் எலுமிச்சையையும் நம் பாட்டியர் தெரிந்தெடுத்தமை அவர்தம் நுண்ணறிவைக் காட்டும். ஏட்டில் எழுதாத வேதியியல் அது.

நிறம் ஒத்தது, விலை எளிதாயிற்று, கிழங்கோ தமிழ் மண்ணில் விளைவது. பெயர் மாறுதற்கு வேறென்ன வேண்டும்? காசுமீரத்துப் பொருளின் பெயரை ஈரோட்டுப் பொருள் பெற்றுக்கொண்டது. பெற்றுக்கொண்டதன்மேலும் ஒன்று செய்தது. பெயருக்கு உரிய பழம்பொருளை அப்பெயரினின்றும் வெளியேற்றிற்று. இன்று கடையில் 'குங்குமம்' என்று கேட்டால் செந்தூளையே தருவர். பழைய பொருள் வேண்டுவார் 'பூ' என்றோர் ஒட்டுச் சேர்த்துக் குங்குமப்பூ என்று கேட்டல் வேண்டும். ஒப்பனைப் பொருள்களிலேயே இதற்கு நேரான மற்றொன்றும் உண்டு. எண்ணெய் என்பது எள்ளின் நெய். அப்பெயர் தேங்காய்க்கும் ஆமணக்கிற்கும் சென்று, நிலத்தடியிலிருந்து எடுக்கும் மண்ணெண்ணெய் வரையிற் பரவியபின், எள்ளின் நெய் தன் பெயரைத் தானே இழந்து நல்லெண்ணெய் என்றோர் அடைபெற்று நிற்கின்றது.

இம்மாற்றம் தமிழில் மட்டும் நிகழ்ந்தது எனின், வட்டார வழக்கென விட்டுவிடலாம். மேலைநாட்டிலும் இதுவே நிகழ்ந்தது என்பதே எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. அரபு மொழியில் குங்குமப்பூவிற்குக் குர்க்கும் என்று பெயர், எபிரேயத்திற் கர்கோம். வடமொழிக் குங்குமமும் இவற்றோடு உறவுடையது என்றும், இச்சொல் மேற்காசியாவினின்றும் பொருளோடு வந்தது என்றும் மொழிநூலார் கருதுவர். இந்த அரபுச் சொல்லே இலத்தீன் வடிவம் பெற்றபோது குர்க்குமா என மஞ்சளின் பெயராயிற்று. 1753-இல் லின்னேயசு செடிகளுக்குப் பெயர் வகுத்த நூலில் மஞ்சளைக் குர்க்குமா லொங்கா என நிலைநிறுத்தினார். எனவே, இலத்தீன் பெயர் கேட்ட ஐரோப்பிய அறிஞரும், 'குங்குமம் கொண்டுவா' என்ற நம் வீட்டுப் பாட்டியும், ஒருவரையொருவர் அறியாமலே குங்குமப்பூவின் பெயரால் மஞ்சளை அழைத்தனர். தென்னாட்டில் ஆங்கிலம் பேசிய பழைய தலைமுறையினர் மஞ்சட்பொடியைச் சாஃப்ரன் என்றே கூறிவந்ததும் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. அதனை அவர்தம் அறியாமையென்று நகைத்தவருள் யாமும் ஒருவர், இப்பொழுது நகைக்கமாட்டோம்.

பொருள் மாற்றத்தினின்றும் தப்பிய ஒப்பனைச் சொற்களும் உள. அவற்றைக் காத்தவர் உரையாசிரியரே. கடலாடு காதையில் மாதவி நீராடுதற்கு அமைத்த நன்னீரில் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று அடிகள் எண் மட்டும் கூறிச் செல்வார். அடியார்க்கு நல்லார் அவ்வெண்களுக்குரிய பொருள்களைப் பெயர்பெயராகத் தந்துள்ளார். பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி என்பன துவர் பத்து. கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் என்பன விரை ஐந்து. ஓமாலிகையின் நிரலை விரிப்பிற் பெருகும். இலவங்கமும் ஏலமும் கச்சோலமும் நன்னாரியும் இலாமிச்சையும் அதிற் காணப்படும். அவ்வுரை இலதேல் 'துவர்' என்பதை ஒரு சுவை என்றோ, நிறம் என்றோ கூறி அமைந்திருப்போம். பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்பு, தோலை இறுக்கி எண்ணெய்ப் பசையைப் போக்கும். இன்றைய ஒப்பனைக் கடையில் ஆஸ்ட்ரிஞ்சன்ட் என்று எழுதி விற்கும் நீர்மம் செய்யும் தொழில் இதுவே. அச்சொல்லிற்குத் தமிழ் தேடி வருந்துவோர் இக்காதையை ஒருமுறை புரட்டுவாராக. 1892-இல் உ. வே. சாமிநாதையர் மூலத்தோடு இவ்வுரையையும் ஆராய்ந்து பதிப்பித்திராவிடின் இப்பெயர்கள் ஏட்டோடு செல்லரித்துப் போயிருக்கும்.

இனி, குங்குமத்தின் மூன்றாம் பொருளுக்கு வருவோம். மஞ்சளாற் செய்த குங்குமமும் இன்று அருகிவிட்டது. கடைகளில் விற்பனவற்றுட் பல, மாவிலோ கல்தூளிலோ செயற்கைச் சாயம் ஏற்றியவை. பெயர் மாறவில்லை, சிமிழும் மாறவில்லை, உள்ளிருப்பது மட்டும் இரண்டாம் முறையாக மாறிற்று. முதல் மாற்றத்தில் இழந்தது மணமே. இரண்டாம் மாற்றத்தில் தோலுக்கே ஊறு நேர்கின்றது. 2007-இல் புதுச்சேரி மருத்துவர் வெளியிட்ட ஆய்வொன்று, குங்குமத்தால் தோலழற்சியுற்ற 46 பேரைப்பற்றியது. நெற்றியில் அரிப்பும், பின்னர்க் கருமையும் தோன்றுதல் இந்நோயின் இயல்பு. 'மஞ்சள்தானே, என்ன செய்யும்?' என்று நோயுற்றோர் எண்ணுதற்குக் காரணம் அப்பழம்பெயரே எனின் மிகையாகாது. குங்குமத்திற்கு அஞ்சி ஒட்டுப்பொட்டிற்கு மாறுவோர்க்கும் முழுக்காப்பு இல்லை. அதன் பசையிலுள்ள பியூட்டைல்ஃபீனால் என்னும் பொருள் சிலர்க்கு நெற்றித்தோலை வெளுக்கச் செய்யும்.

சிந்தூரம் என்பதனைக் குங்குமத்தின் மறுபெயராகக் கொள்ளும் வழக்கமும் திருந்துதற்குரியது. வடநாட்டு மகளிர் வகிட்டில் இடும் சிந்தூரம் பண்டு ஈயத்தைச் சுட்டுப் பெற்ற செந்தூளாகும். சாதிலிங்கம், இங்குலிகம் என்பன அதனின் வேறாய பாதரசக் கனிமத்தின் பெயர்கள். பழம்பெயர் வெறும் பெயராய் நின்றுவிடவில்லை. 2017-இல் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்க நாட்டிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கில் ஈயம் காணப்பட்டது. அஞ்சனத்தின் நிலையும் இத்தகையதே. அகராதிகள் அஞ்சனக்கல் என்பதற்கு அந்திமனிக் கனிமம் எனப் பொருள் கூறும். சுர்மா என்னும் பெயரால் அங்காடியில் விற்பனவற்றை ஆய்ந்தோர் ஈயக் கனிமத்தையே மிகுதியும் கண்டனர். நம் வீடுகளில் கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணித்திரியை ஆமணக்கெண்ணெயில் எரித்துப் புகைக்கரியைத் திரட்டிச் செய்யும் கண்மை இவ்விரண்டின் வேறு. மூன்றையும் 'மை' என்னும் ஒரு சொல்லாற் சுட்டுதல் பேச்சிற்கு எளிது. ஆராய்ச்சிக்கும் கண்ணுக்கும் நன்றன்று.

மாணவியின் வினாவிற்கு மீள்வோம். கண்ணகி துறந்தது மார்பில் எழுதும் நறுங்குழம்பை. அதாவது, கணவனோடு கூடியிருக்கும் காலத்துக்குரிய இன்ப ஒப்பனையை. மங்கல அணியை அவள் களையாமைக்கும் குங்குமத்தை எழுதாமைக்கும் இடையே முரண் யாதும் இல்லை. முன்னது மணவாழ்வின் அடையாளம், பின்னது கூட்டத்தின் அழகு. எனவே, மணமான பெண்டிர் நெற்றியிற் குங்குமம் இடும் இற்றை வழக்கம் சிலப்பதிகார காலத்திலேயே இருந்தது என்பார், இவ்விடத்தைச் சான்று காட்டுதல் பொருந்தாது. இதனைச் சான்றாகக் காட்டிய மேடைப் பேச்சுகளை யாம் கேட்டிருக்கின்றோம். கண்ணகிக்கு நெற்றி நிறையச் செந்தூள் தீட்டிய ஓவியங்களையும் கண்டிருக்கின்றோம். அகராதி இரு பொருளையும் அடுத்தடுத்து வைக்கும். எப்பொருள் எவ்விடத்திற்கு உரியது என்று தெரிந்து கூறுதல் உரைகாரர் கடன். பாடப்பதிப்புகளின் அருஞ்சொற்பொருளில் இவ்விடத்துக் 'குங்குமம்: குங்குமப்பூக் குழம்பு' என ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்த வகுப்பில் எம் முந்தைய விடை பிழையென்று கூறி, இவற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தோம். மறுநாள் அம்மாணவி ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முகத்திற் பூசும் குங்குமாதி தைலம் அது. குங்குமத்தை ஆதியாக, அஃதாவது முதலாக, உடைய எண்ணெய் என்பது பெயரின் பொருள். இத்தனை நாளும் நெற்றிக்குங்குமம் கலந்தது என்றெண்ணியே அதனை வாங்கி வந்ததாகக் கூறி நகைத்தார். அட்டையின் பின்புறத்துப் பொருள் நிரலை உருப்பெருக்கியால் நோக்கினோம். குரோக்கஸ் சடைவஸ் என்று குங்குமப்பூவின் இலத்தீன் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டு வரி தள்ளிக் குர்க்குமா லொங்கா.