காளிக்கு நட்ட கல்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் கப்பன் பூங்காவை ஒட்டிச் சிவப்புக் கட்டடம் ஒன்று உண்டு. 1865இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்தின் இன்றைய வீடு அது. உள்ளே ஒரு கல்லில் நாயும் காட்டுப்பன்றியும் ஒன்றையொன்று பாய்ந்து பிடிக்கின்றன. கல் முழுக்கப் பழங்கன்னட எழுத்து. நாயின் பெயர் காளி. அதற்காக நட்ட கல்தான் இது. ஆனால் ஒரு சோழ இளவரசன் செத்த செய்தியும் இதே கல்லில் இருக்கிறது.

கி.பி. 949இல் அரக்கோணத்துக்குப் பக்கத்திலுள்ள தக்கோலத்தில் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் மைத்துனன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் சோழப் படையை எதிர்கொண்டார்கள். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன் யானை மீதே மாண்டான். அதனால் சோழர் கல்வெட்டுகளில் அவன் யானைமேல் துஞ்சிய தேவர். தோற்றவர் மரியாதையாகச் சொல்லும் சாவு அது. வென்றவர் சொல்வது காளியின் கல்லில் இருக்கிறது: கொன்றவன் பூதுகன். இந்த வரியை முதலில் படித்தவர்கள், வஞ்சகமாகக் குத்திக் கொன்றான் என்று பொருள் கொண்டார்கள். பின்னால் வந்த அறிஞர்கள் அதே எழுத்துகளை வேறு விதமாகப் பிரித்து, யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்றார்கள். பிரிக்கும் இடம் மாறியதும் பூதுகன் துரோகியிலிருந்து வீரனானான். கல்வெட்டு என்றாலே மாறாதது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

வெற்றிக்குப் பரிசாகக் கிருஷ்ணன் பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகளைக் கொடுத்தான். பூதுகன் தன் வீரன் மணலேரனை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றான். நிலம், பொன் என்று எதையும் கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது வேட்டைநாய் காளியை.

பெளத்தூருக்கு மேற்கேயுள்ள குன்றில் பெரிய பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினார்கள். இரண்டும் சேர்ந்தே செத்தன. கல்லில் அதைச் சொல்லும் கன்னடம் தமிழ்க் காதுக்கு அந்நியமே இல்லை: நாய் நாய்தான், பன்றி பந்தி, செத்ததும் செத்ததுதான்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு வரிசை சொல்கிறது: கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும். மணலேரன் தன் கல்லைக் கோயில் முன் நட்டான். இன்றைய மத்தூர் வட்டத்து ஆதகூரில், சல்லேசுவரர் கோயிலுக்கு எதிரே. சக ஆண்டு 872. பூசைக்கு நிலமும் விட்டான். நாய்க்கு நடுகல் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், எருமைகளுக்காக நடந்த சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தியின் அருகே அவன் நாய் கோவிவனும் நிற்கிறது. திருடர் இருவரைக் கடித்தது என்று பெயரோடு எழுதியிருக்கிறார்கள்.

எதில் செத்தார்களோ அதையே செதுக்கும் வழக்கம் கரைக்குக் கரை ஒன்றுதான். மும்பை போரிவலியிலுள்ள எக்ஸரில், கடற்போரில் மாண்டவர்களின் வீரக்கற்களில் துடுப்புகள் வரிசையாய் நீட்டிய கப்பல்கள் வருகின்றன. ஆதகூர் கரையில்லாத ஊர். அங்கே நாயும் பன்றியும்.

கல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்வெட்டாய்வாளர்கள் படித்து அச்சேற்றினார்கள். அவர்களில் ஃபிளீட் அதை எபிகிராபியா இண்டிகா இதழில் வெளியிட்டார். கோயில் வாசலிலிருந்து கிளம்பிய கல் பெங்களூரு வந்து சேர்ந்தது. மத்தூரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 80 கி.மீ. சோழ வரலாற்றாசிரியர்கள் தக்கோலத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இதைத்தான் புரட்டுகிறார்கள். காளி அவர்களின் அடிக்குறிப்பில் வரும். பன்றி அதிலும் வராது.

மணலேரனுக்கு எது முதல், எது அடிக்குறிப்பு என்ற வரிசை வேறு. பூசை தவறாமலிருக்க அவன் ஒரு கட்டளையும் பொறித்து வைத்தான். நிலத்தை அனுபவிக்கும் கொரவர், அதாவது கோயில் பூசாரி, இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் பாவம் சேரும். எந்தக் கொரவர் முதன்முதலில் பூசை செய்யாமல் சாப்பிட உட்கார்ந்தார் என்பதற்குக் கல்லில் வரி கிடையாது.