ஒருவருக்கே கப்பம்

1623-ஆம் ஆண்டில் ஓர் இத்தாலியச் சந்நியாசி, காவி உடையோடு மதுரையை விட்டுப் புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்துக்கு வந்து சேர்ந்தார். கொல்லிமலை அடிவாரத்திலுள்ள அந்த ஊரை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் ராமச்சந்திர நாயக்கர். வந்தவர் ராபர்ட் தெ நோபிலி. தத்துவ போதகர் என்று தமிழ்நாடு அழைத்த அதே ஆசாமி. அங்கிருந்து சேலத்துக்கும் போனார்.

கடவுள் ஒருவரே என்பது அவர் போதனையின் முதல் பாடம். அதைக் கேட்ட சேலத்துக்காரர் யாராவது, "இதென்ன புதுமை, சுவாமி? எங்கள் திருமூலர் சொல்லாததா?" என்று கேட்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பக்கத்துத் திருச்செங்கோட்டு மலையில் அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியாக நிற்கிறார்கள். பலவற்றையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் ஒருமை நமக்குப் பழக்கமானது. நோபிலியின் பாடத்துக்கு மூலமான யூதர்களின் எபிரேய வேதமோ, மற்றவற்றைக் கிட்டேயே விடாத ஒருமையைப் பேசுகிறது. ஏன் அப்படி?

இதற்குத் தத்துவ நூல்களைப் புரட்டுவதைவிட, ராமச்சந்திர நாயக்கரின் நிலைமையை யோசித்துப் பார்ப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். அவர் மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர். வேறு ராஜாக்கள் உலகத்தில் இல்லை என்று அவர் நினைத்திருக்க முடியாது. வடக்கே மைசூர் இருந்தது. ஆனால் கப்பம் ஒரே இடத்துக்குத்தான். இரண்டு இடத்துக்குக் கட்டினால் அதற்குப் பெயர் துரோகம். எபிரேய வேதத்தின் பத்துக் கட்டளைகளில் முதலாவதும் இப்படித்தான் பேசுகிறது. வேறு தெய்வங்களே இல்லை என்று அது சொல்லவில்லை; அவர்களிடம் போகாதே என்கிறது.

இது வெறும் உவமை அல்ல. 1955-இல் ஈராக்கில் நிம்ரூத் என்ற இடத்தில் களிமண் பலகைகள் அகப்பட்டன. தோண்டிய குழுவுக்குத் தலைவர் மாக்ஸ் மல்லோவன். துப்பறியும் நாவல் வாசகர்களுக்கு அவரை அகதா கிறிஸ்டியின் புருஷராகத் தெரிந்திருக்கும். அசீரிய மன்னன் எசரத்தோன் கி.மு. 672-இல் தன் சிற்றரசர்களிடம் வாங்கிய சத்தியப் பிரமாணம் அந்தப் பலகைகளில் இருந்தது. பட்டத்து இளவரசனை உங்கள் உயிரைப் போல நேசியுங்கள். வேறொருவனை எஜமானனாக ஏற்காதீர்கள். மீறினால் இன்னின்ன சாபங்கள். பைபிளில் உபாகமம் என்ற ஆகமத்தைப் படித்தவர்களுக்கு இந்தத் தோரணை உடனே அடையாளம் தெரியும். கடவுள் ஒருவரே, அவரை முழு இருதயத்தோடு நேசி என்று அங்கே சொன்னபோது, நேசம் என்ற சொல்லுக்குள் ராஜவிசுவாசமும் இருந்தது. அசீரியாவின் அதிகாரப் பாஷையை அசீரியாவுக்குக் கப்பம் கட்டிய ஒரு சின்னஞ்சிறு ராஜ்யம் கடவுளுக்கு எழுதிவைத்தது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். எனக்கு இந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோன் வந்து எருசலேம் கோயிலை எரித்தது. எஜமானன் தோற்றால் பாளையக்காரன் எஜமானனை மாற்றிக்கொள்வான். அதுதான் உலக வழக்கம். யூதர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. கோயிலை எரித்த நேபுகாத்நேச்சாரே நம் கடவுளின் ஊழியன்தான் என்றார் எரேமியா. கி.மு. 539-இல் பாரசீகக் கோரேசு பாபிலோனைப் பிடித்ததும், யூத வேதத்தைக் காதால்கூடக் கேட்டிராத அந்த அந்நிய ராஜாவை, கடவுள் அபிஷேகம் செய்தவன் என்று ஏசாயாவின் ஆகமம் கொண்டாடுகிறது. வேறு தெய்வமே இல்லை என்ற பேச்சு அந்தப் பக்கங்களில்தான் ஓங்கி ஒலிக்கிறது. தேசமும் அரசும் கோயிலும் போன பிறகு!

நோபிலி இந்தக் கடவுளுக்குத் தமிழில் வழங்கிய பெயர் சருவேசுரன். அவருக்கு முன், 1578-இல் கொல்லத்தில் அச்சான சிறு நூலில் அண்டிரிக் அடிகளார் தம்பிரான் என்றிருந்தார். பின்னால் பராபரன், தேவன், கடவுள் என்று பைபிள் மொழிபெயர்ப்புகளில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஒருவருக்கு இத்தனை பெயரா என்று சண்டையும் நடந்தது.

சேலத்தில் நோபிலியின் பேச்சைக் கேட்டு ஏற்றவர்களில் முக்கியமானவர் திருமங்கல நாயக்கர். 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். சேலத்தை ஆண்ட நாயக்கருக்கு அவர் அண்ணன். தம்பியிடம் ராஜ்யத்தைப் பறிகொடுத்தவர்.