பெட்டி வாய் திறந்த கதை

அட்டைப்பெட்டி தானாக ஒளிரும், பேசும், உள்ளே இருப்பது அசலா போலியா என்று சொல்லும். பேக்கேஜிங் தொழிலில் ரொம்ப நாளாக உலவும் கனவு இது. மின்சாரம் கடத்தும் மையைக் கொண்டு சர்க்யூட்டையே அச்சடித்துவிடுவது. பிரிண்டட் எலக்ட்ரானிக்ஸ் என்று பெயர். புனேயில் இந்தத் தொழிலில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. 'பெட்டியில் ஒரு லைட் மினுக்கினால் பிராண்டுக்கு மவுசு கூடும் சார்' என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். கூடுமா? கொஞ்சம் பழைய கதையைப் புரட்டிப் பார்க்கலாம்.

இது ஒன்றும் நேற்று முளைத்த சங்கதி இல்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் பீரங்கிக் குண்டுக்குள் ஒரு குட்டி ரேடியோவையே வைத்தார்கள், இலக்கை நெருங்கியதும் குண்டு தானாக வெடிக்க வேண்டும் என்பதற்காக. அதற்கான சர்க்யூட்டை வெள்ளித்துகள் கலந்த மையால் பீங்கான் தகட்டில் அச்சடித்தார்கள். பனியனில் படம் போடுகிற அதே ஸ்க்ரீன் பிரிண்டிங் முறைதான். 1977-ல் ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று காட்டினார்கள். 2000-ல் அதற்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, இனி செய்தித்தாள் மாதிரி சர்க்யூட்டையும் ரோல் ரோலாக அடித்துத் தள்ளலாம் என்று ஒரே பரபரப்பு.

ஆனால் கடைப்பொருளின் மேல்தோலில் மின்சாரம் அதற்கு முன்பே ஏறிவிட்டது. ஃபிலிம் ரோல் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், 35 மி.மீ. ரோலின் டப்பாவில் கறுப்பும் வெள்ளியுமாகச் சதுரங்கக் கட்டம் மாதிரி ஒன்று. 1983-ல் கோடக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு அது. மொத்தம் 12 கட்டங்கள். பெயின்ட் அடித்த கட்டத்தில் மின்சாரம் ஓடாது, வெறும் உலோகமாக விட்ட கட்டத்தில் ஓடும். கேமராவுக்குள் இருக்கும் சின்ன ஊசிகள் அதைத் தொட்டுப் பார்த்து, இது 100 வேக ஃபிலிமா 400-ஆ என்று தெரிந்துகொள்ளும். அதுவரை ஃபிலிமின் வேகத்தைக் கையால் திருகி வைக்க வேண்டும். மறந்தால் படங்கள் பாழ். கல்யாண ஆல்பம் போனால் திரும்ப எடுக்க முடியுமா? கூடுதல் சில்லு, பேட்டரி எதுவும் இல்லாமல், பெயின்டை எங்கே பூசுவது எங்கே விடுவது என்பதிலேயே காரியத்தை முடித்தார்கள். மற்ற கம்பெனி ரோல்களிலும் அதே குறியீடு வந்து, ஃபிலிமின் காலம் முடியும்வரை நிலைத்தது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கதை, டியூராசெல் பேட்டரி. வாங்குகிற ஆளுக்கு பேட்டரியில் ஒரே ஒரு சந்தேகம்தான்: இதில் இன்னும் சரக்கு இருக்கிறதா? 1990 வாக்கில் பேட்டரி விற்கும் அட்டையிலேயே சோதிக்கும் பட்டை வந்தது. 1996-ல் அது பேட்டரியின் மேலுறைக்கே ஏறி 'பவர்செக்' ஆனது. எனர்ஜைசரும் அதே சமயத்தில் இதே போட்டியில் இறங்கியது. இரண்டு புள்ளிகளை விரலால் அழுத்தினால் மஞ்சள் கோடு ஒன்று நீளும்.

உள்ளே நடப்பது இதுதான். மின்சாரம் கடத்தும் பட்டை ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். ஓடுகிற மின்சாரம் ஒன்றே என்றாலும் குறுகின இடம் அதிகம் சூடாகும், அகலமான இடம் கம்மியாக. மேலே சூடு பட்டால் நிறம் மறையும் மை. நல்ல பேட்டரி என்றால் அகலமான பக்கம் வரை சூடேறி கோடு முழுசாகத் தெரியும். தளர்ந்த பேட்டரி என்றால் குறுகலான முனையோடு நின்றுவிடும். மீட்டர் கிடையாது, முள் கிடையாது. 'எங்கள் பேட்டரி நீடித்து உழைக்கும்' என்று ஆயிரம் விளம்பரம் போடுவதைவிட, 'நீங்களே அமுக்கிப் பாருங்கள்' என்பதில் தைரியம் அதிகம் இல்லையா? பின்னாளில் அது எல்லா ரகத்திலும் தொடரவில்லை என்றாலும், பிராண்டை வளர்ப்பது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

1996-ல் டியூராசெல்லை வாங்கியது ஜில்லெட். அதே ஜில்லெட் 2003 ஜனவரியில் 50 கோடி வரை ஆர்எஃப்ஐடி சில்லுகள் வாங்கப்போவதாக அறிவித்தது. சரக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க. அந்த வருஷமே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டெஸ்கோ கடை ஒன்றில், ரேசர் பாக்கெட்டை எடுக்கிற ஆளை கேமரா படம் பிடிக்கும் சோதனை நடந்தது தெரியவர, போராட்டம் வெடித்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்று வாங்குபவருக்குப் பதில் சொன்னது, மற்றொன்று வாங்குபவரையே வேவு பார்த்தது. ஜனங்களுக்கு வித்தியாசம் சட்டென்று புரிந்துவிட்டது.

பிறகு வந்தவை பெரும்பாலும் வாணவேடிக்கை. 2008 அக்டோபரில் எஸ்கொயர் பத்திரிகை தன் 75-வது ஆண்டு இதழுக்கு மின்மை அட்டை போட்டது. ஒரு லட்சம் பிரதிகளில் எழுத்து மினுக்கியது, உள்பக்கத்தில் ஃபோர்டு விளம்பரம். நம்மூரில் 2010 செப்டம்பர் 21 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவையும் தி இந்துவையும் பிரித்தவுடன் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் பேசியது. அச்சடித்த சர்க்யூட் இல்லை, வெளிச்சம் பட்டால் பேசும் சில்லு. ஒரு நாள் பேச்சு. மறுநாள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகும்போது பேட்டரியும் சேர்ந்தே போயிருக்கும்.

2015-ல் நார்வேயின் தின்ஃபிலிம் நிறுவனமும் டியாஜியோவும் ஜானி வாக்கர் புளூ லேபிள் பாட்டிலில் ஒட்டிய சில்லு விவரமான முயற்சி. போனை அருகே கொண்டுபோனால் பாட்டில் மூடி இருக்கிறதா, ஒருமுறை திறக்கப்பட்டதா என்று சொல்லும். காலி பாட்டிலில் கண்டதை ஊற்றி விற்கிற நாட்டில் இதன் அருமை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வியாபாரம் கைகூடவில்லை. நிறுவனம் அந்தத் துறையைவிட்டு விலகி, 2021-ல் பெயரையும் என்சர்ஜ் மைக்ரோபவர் என்று மாற்றிக்கொண்டது.

கடைசியில் ஜெயித்தது எது? 1994-ல் ஜப்பானின் டென்சோ, கார் உதிரி பாகங்களை எண்ணுவதற்காக உருவாக்கிய க்யூஆர் கட்டம். சாதாரணக் கறுப்பு மை. மின்சாரம் வாங்குபவர் கையில் இருக்கும் போனில் இருக்கிறது, பெட்டிக்கு எதற்கு? 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் இந்தக் குறியீடோ பார்கோடோ கட்டாயம். தயாரித்தவர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. க்யூஆரை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், சில்லை நகல் எடுப்பது கடினம். ஆகவே விலையுயர்ந்த மருந்துக்கோ, குளிர்ச்சி குறையாமல் வந்து சேர வேண்டிய ஊசிக்கோ மின்சார லேபிள் ஒட்டினால் ஒரு ரூபாய் கூடினாலும் நியாயம் என்பேன். பிஸ்கட் பாக்கெட் மினுக்குவதற்கு அது நியாயமில்லை. ஐந்து நிமிஷ வேடிக்கை முடிந்ததும் வெள்ளியும் பிளாஸ்டிக்கும் குப்பைமேட்டில்தானே கிடக்கப்போகிறது?

அதனால் மாதிரிப் பெட்டியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது விலையை இல்லை. வாங்குகிற ஆள் மனசில் இருக்கும் எந்தக் கேள்விக்கு இந்த லைட் பதில் சொல்கிறது? பாதிப் பேர் அங்கேயே லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள்.