வேலை பறிபோனால் நீதி கிடைத்துவிடுமா?

ஓசூருக்கும் கிரிக்கெட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டு இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாட்டு அணிகள் மோதிய போட்டித் தொடர் 'டைட்டன் கோப்பை' என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் உருவான கைக்கடிகாரங்களின் பெயரே அது. அத்தொடரில் அக்டோபர் 21-ஆம் நாள் பெங்களூரில் நடந்த ஆட்டத்தைப் பலரும் இன்றும் நினைவுகூர்வர். தோல்வியின் விளிம்பில் நின்ற இந்திய அணியை, கர்நாடகத்து ஆட்டக்காரர்களான கும்ப்ளேயும் ஸ்ரீநாத்தும் ஒன்பதாம் விக்கெட்டுக்கு 52 ஓட்டங்கள் சேர்த்துக் கரையேற்றினர். பார்வையாளர் வரிசையில் கும்ப்ளேயின் தாயார் பதைப்புடன் அமர்ந்திருந்ததைத் தொலைக்காட்சி வீடுதோறும் கொண்டுவந்து காட்டிற்று.

அதே அக்டோபர் மாதத்தில், பிரான்சு நாட்டின் தென்கடற்கரையில் உள்ள விடுதி அறை ஒன்றில் கிரிக்கெட் உலகைச் சேர்ந்த வேறொரு நிகழ்ச்சி நடந்தது. அதைக் காட்ட அங்கே தொலைக்காட்சி இல்லை. இங்கிலாந்தின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரரும் புகழ்பெற்ற வருணனையாளருமான ஜெஃப்ரி பாய்காட் தம்முடன் பழகிவந்த பெண்ணைத் தாக்கினார் என்று குற்றம் சாட்டப்பட்டது.

பாய்காட் எளிய மனிதர் அல்லர். யார்க்‌ஷயர் மாநிலத்தின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் 1940-இல் பிறந்தவர். 108 டெஸ்ட் ஆட்டங்களில் 8,114 ஓட்டங்களும் 22 சதங்களும் எடுத்தவர். ஆடுவதை நிறுத்திய பின்னர் அவர் நாவு அவருக்குப் புதுப்புகழ் தேடித் தந்தது. எளிய பந்தை ஒருவர் தவறவிட்டால், "என் தாயார்கூட அதைப் பிடித்திருப்பார்" என்பார். கங்குலிக்குக் 'கல்கத்தாவின் இளவரசர்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. செயற்கைக்கோள் தொலைக்காட்சி நம் வீடுகளுக்குள் நுழைந்த அந்த ஆண்டுகளில், ஆங்கிலம் முழுதும் விளங்காதவர்களும் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டனர்.

1998 ஜனவரியில் பிரான்சு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. விசாரணையின்போது அவர் நேரில் வரவில்லை. பின்னர் மறுவிசாரணை கோரினார். அவ்வாண்டு நவம்பரில் மறுபடியும் அதே தீர்ப்பு வந்தது. 50,000 பிராங்க் அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட மூன்று மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. அப்பெண் தாமாகவே தவறி விழுந்தார் என்பதே பாய்காட்டின் வாதம். அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஆயினும் தாம் குற்றமற்றவர் என்றே அவர் தொடர்ந்து கூறிவருகிறார்.

தீர்ப்பையொட்டி இங்கிலாந்தில் அவர் வகித்த வருணனைப் பணிகள் பறிபோயின. குற்றத்துக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டதாகப் பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. இந்தியத் தொலைக்காட்சியில் அவர் குரல் பின்னரும் ஒலித்தது. 2002-இல் தொண்டைப் புற்றுநோய் கண்டு, அதிலிருந்து மீண்டார். 2005-இல் பி.பி.சி. வானொலியின் டெஸ்ட் வருணனைக் குழுவில் மறுபடியும் இடம் பெற்று, 2020 வரை அங்கே நீடித்தார். 2019 செப்டம்பரில், பதவி விலகிய பிரதமர் தெரசா மே வெளியிட்ட சிறப்புப் பட்டியலின் வாயிலாக அவருக்குச் 'சர்' பட்டமும் கிடைத்தது. குடும்ப வன்முறையைத் தடுக்கும் சட்ட முன்வரைவை அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்ததும் அந்தப் பிரதமரின் அரசே! பெண்கள் நல அமைப்பினர் கண்டனம் தெரிவித்தபோது, அதைத் தாம் சற்றும் பொருட்படுத்தவில்லை என்று வானொலியிலேயே பாய்காட் கூறிவிட்டார்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஸ்லேட்டர் கதை வேறு விதமானது. 74 டெஸ்ட் ஆட்டங்களில் 5,312 ஓட்டங்கள் எடுத்த இவரும் ஓய்வுக்குப் பின் வருணனையாளரானார். குடும்ப வன்முறை தொடர்பான புகாரில் 2021 அக்டோபரில் கைதானார். அந்த மாதத்திலேயே தொலைக்காட்சி நிறுவனத்துடன் அவருக்கிருந்த தொடர்பும் அறுந்தது. இங்கே தீர்ப்புக்கு முன்பே நாற்காலி போய்விட்டது. ஆயின் வேலை போனதால் வன்முறை நின்றதா? நிற்கவில்லை. 2024-இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மறுபடியும் கைதானார். 2025 ஏப்ரலில், கழுத்தை நெரித்தது உள்ளிட்ட ஏழு குற்றங்களை அவரே ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் ஏற்கெனவே காவலில் கழித்துவிட்டதால், எஞ்சிய பகுதி நிறுத்திவைக்கப்பட்டு விடுதலையானார்.

இவ்விரு வரலாறுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. ஒரு நிறுவனம் வருணனையாளரை நீக்குவது பெரும்பாலும் தன் பெயரைக் காத்துக்கொள்வதற்காகவே. அது நேயர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் அளிக்கப்படும் விடை. அடிபட்ட பெண்ணுக்கு அளிக்கப்படும் விடை அன்று. காலம் கடந்து மக்கள் மறந்தால், போன நாற்காலி திரும்பி வரலாம், பட்டமும் வரலாம். நாற்காலி போனபோதும் சரி, வந்தபோதும் சரி, அப்பெண்ணின் கருத்தை எவரும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

புகழ் பெற்றோர் கதை இது. நம் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இதனால் என்ன பயன் என்று வாசகர் வினவலாம். பயன் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல், பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கைக்கடிகாரத்துக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. மூன்று ஷிப்டு வேலை, லைன் வீட்டு வாடகை, தொலைவில் விட்டுவந்த தாய்வீடு என்பதே பலருடைய வாழ்க்கை. இத்தகைய குடும்பத்தில் கை ஓங்கப்படும்போது, மனைவியின் மனத்தில் முதலில் எழும் அச்சம், "புகார் கொடுத்தால் அவருடைய வேலை போய்விடுமே" என்பதுதான். வருணனையாளர் வேலை இழந்தால் அது செய்தி. ஒப்பந்தத் தொழிலாளி வேலை இழந்தால் அடுத்த மாத வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நின்றுபோகும். அரசு ஊழியரானால், 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணிநீக்கம் வந்துவிடும். எனவே கணவன் மீது விழவேண்டிய தண்டனை மனைவியின் உலையில் வந்து விழுகிறது. அவள் வாய் மூடிக்கொள்கிறாள். சுற்றத்தாரும், "பொறுத்துப் போ" என்கின்றனர்.

இந்த மௌனத்தின் அளவு சிறிதன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். கர்நாடகத்தில் 44 பேர். எல்லைக்கோட்டின் எந்தப் பக்கமும் பெருமைப்பட இடமில்லை.

சட்டமும் இந்த இக்கட்டைப் படிப்படியாகவே உணர்ந்தது. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவு, மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. கொடுமை கடுமையாகும்போது இது தேவைதான். ஆனால் கணவனைச் சிறைக்கு அனுப்ப விரும்பாமல், அடி மட்டும் நின்றால் போதும் என்று ஏங்கும் பெண்ணுக்கு அதில் வழியில்லை.

அந்த வழியைத் திறந்தது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பாதுகாப்பு அலுவலர் வாயிலாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரிடம் பெண் முறையிடலாம். அடிக்கக் கூடாது என்று ஆணை பெறலாம். வாடகை வீடானாலும் அங்கே தொடர்ந்து வாழும் உரிமை பெறலாம். பராமரிப்புத் தொகை கோரலாம். ஆணையை மீறினால்தான் சிறை. இவை அனைத்தினும் கருதத்தக்கது 20-ஆம் பிரிவில் உள்ள ஏற்பாடு. நடுவர் ஆணையிட்ட தொகையைக் கணவன் தரத் தவறினால், அவன் ஊதியத்தில் ஒரு பகுதியை அப்பெண்ணுக்கே நேராகச் செலுத்துமாறு நிறுவனத்துக்கு நடுவர் உத்தரவிடலாம். அதாவது, வேலையைப் பறிப்பதன்று. அந்த வேலையின் ஊதியத்தைக் குடும்பத்துக்குக் கடமைப்படுத்துவது.

எல்லைப்புறத்தில் வாழ்வோர் அறியவேண்டிய செய்தி மற்றொன்று. ஓசூரில் அடிபட்டு, அத்திப்பள்ளியில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்ற பெண், தான் தங்கியிருக்கும் இடத்திலேயே இச்சட்டப்படி முறையிடலாம். நடுவரின் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். கொடுமைக்கான குற்றப் புகாரையும் அவ்வாறே அடைக்கலம் புகுந்த ஊரில் கொடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏட்டில் உள்ள சட்டம் தானாக வீட்டுக்கு வராது என்பதும் உண்மையே. அறுபது நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறும் வழக்குகள் நடைமுறையில் நீள்கின்றன. ஆயினும், 181 என்னும் எண்ணில் பெண்களுக்கான உதவி மையத்தை எந்நேரமும் அழைக்கலாம் என்ற சிறு செய்திகூட அறியாத வீடுகள் நம் தெருக்களில் எத்தனையோ. அதை அங்கே கொண்டு சேர்ப்பது அக்கம்பக்கத்தாராகிய நம்மால் முடியாத செயல் அன்று.

ஒரு வீட்டில் வன்முறை வெளிப்படும்போது, அவனுடைய வேலை என்னாகும், பெயர் என்னாகும் என்றே ஊர் கேட்கிறது. பாய்காட்டைப் பற்றி உலகம் கேட்டதும் இதுவே. அவள் இன்றிரவு அச்சமின்றி எங்கே உறங்குவாள் என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.