முதல் கேள்வி: இணையக் கேள்வி–பதில் சமூகங்களில் புதியவருக்குக் கிடைத்த வரவேற்பு, 1980–2024

முன்பின் தெரியாதவர்களிடம் கணினி வழியே ஒரு சந்தேகத்தைக் கேட்டு விடை பெறும் வழக்கம் 1980களிலேயே வேர்பிடித்துவிட்டது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பதில் சொன்னவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். சம்பளமும் இல்லாமல், முகமும் தெரியாமல் ஒருவர் இன்னொருவருக்காக ஏன் தன் மாலைப்பொழுதைச் செலவழிக்கிறார் என்பது உண்மையிலேயே வியக்க வைக்கும் கேள்விதான். ஆனால் கேட்டவரை, அதிலும் முதன்முறையாக வந்து கேட்டவரை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சமூகங்கள் எப்படி வளர்ந்தன, எங்கே தேயத் தொடங்கின என்பது துலங்குகிறது.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது. ஒவ்வொரு தலைமுறைச் சமூகமும் புதியவரை வரவேற்க முதலில் கையில் எடுத்தது எழுத்தை: விதிமுறைகள், வழிகாட்டிகள், அறிவுரைக் கட்டுரைகள். படித்துத் தேறிவரும் பொறுப்பு வந்தவர் தலையில் விழுந்தது. கேள்வி பொதுப்பார்வைக்கு வருவதற்கு முன்பே பழையவர் ஒருவர் கூட இருந்து அதைத் திருத்திக்கொடுக்கும் ஏற்பாடு மிகத் தாமதமாகவே வந்தது. உறுப்பினர்களின் முன்கோபத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது போதாது. தளம் யாருடைய பயனுக்காகக் கட்டப்பட்டது என்பதில்தான் முக்கியக் காரணம் இருக்கிறது.

செப்டம்பர் மாதமும் அதன் பிறகும்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் திட்டமிட்ட யூஸ்நெட், 1980இல் இயங்கத் தொடங்கியது. தலைப்புவாரியான செய்திக்குழுக்களில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் மறுமொழி தரலாம். அங்கே ஆண்டுதோறும் ஒரு சுழற்சி நடந்தது. செப்டம்பரில் கல்லூரி திறக்கும். முதலாண்டு மாணவர்களுக்குக் கணினிக் கணக்கு கிடைக்கும். அவர்கள் திரளாக வந்து, பலமுறை கேட்கப்பட்ட கேள்விகளையே மறுபடி கேட்பார்கள், ஒரு குழுவில் போட வேண்டியதை இன்னொன்றில் போடுவார்கள். பழையவர்கள் அதட்டியும் சொல்லிக்கொடுத்தும் சில வாரங்களில் வந்தவர்களை வழிக்குக் கொண்டுவருவார்கள். ஒத்துவராதவர்கள் விலகிப்போவார்கள். பழையவர்களின் எண்ணிக்கை அதிகம், புதியவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் இது நடந்தது. பழக்கவழக்கம் ஆளிடமிருந்து ஆளுக்குப் போனது.

1994இல் இணையச் சேவை நிறுவனமான ஏ.ஓ.எல். தன் சந்தாதாரர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டதும் அந்த விகிதம் தலைகீழானது. 1993 செப்டம்பர் இன்னும் முடியவே இல்லை என்று பழைய உறுப்பினர்கள் சலித்துக்கொண்டார்கள். ‘முடிவில்லாச் செப்டம்பர்’ என்ற பெயரே அந்தக் காலகட்டத்துக்கு நிலைத்துவிட்டது. இப்பெயரை இன்றும் பழம்பெருமையோடு சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்தவர்களின் தரம் தாழ்ந்துவிட்டதாக அந்தப் பெயர் குறிப்பால் உணர்த்துகிறது. உண்மையில் மாறியது, ஒரு புதியவருக்கு எத்தனை பழையவர்கள் என்ற கணக்குதான்.

ஆள் போதாத இடத்தை எழுத்து நிரப்பியது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் தொகுப்பு யூஸ்நெட்டில் தனியொரு இலக்கிய வகையாகவே வளர்ந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் அது மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டது. புதியவர்களுக்கென்றே தனியாக ஓர் அறிவிப்புக் குழு இருந்தது. அதில் வரும் வழிகாட்டிகளைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் ஜீன் ஸ்பாஃபோர்டு. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த இணைய நன்னடத்தை ஆவணம், இணையத் தொழில்நுட்பக் குறிப்புகளான ஆர்.எஃப்.சி. வரிசையில் 1855 என்ற எண்ணில் வெளிவந்தது. ஒரு குழுவில் எதையும் எழுதுவதற்கு முன் ஒன்று முதல் இரண்டு மாதங்கள் வெறுமனே படித்துக்கொண்டிருங்கள் என்று அது புதியவருக்குச் சொல்கிறது. நாளை காலைக்குள் தீர்வு வேண்டும் என்று ஓடிவந்த ஒருவருக்கு இந்த அறிவுரை எந்த அளவுக்கு உதவியிருக்கும்?

2001இல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் எழுதிய, கேள்விகளைச் சாமர்த்தியமாகக் கேட்பது பற்றிய நீண்ட கட்டுரை இந்த மரபின் உச்சம். தேடிப் பார், கையேட்டைப் படி, என்னென்ன முயன்றாய் என்று சொல், தலைப்பில் சிக்கலைத் தெளிவாக எழுது என்ற அதன் அறிவுரைகள் ஒவ்வொன்றும் சரியானவை. பதில் சொல்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இறுதியில் ஒரு பகுதியும் இருக்கிறது. ஆனால் கட்டுரையின் பெரும்பகுதி கேட்பவரை நோக்கியே பேசுகிறது. கடுமையான பதில் வந்தால் மனம் புண்படாமல் எடுத்துக்கொள்ளப் பழகச் சொல்கிறது. புதியவரின் முகத்தில் விட்டெறியும் இணைப்பாகப் பின்னாளில் பலர் இதைப் பயன்படுத்தியதைப் பார்த்தால், ஒரு நல்ல எழுத்து வேலிக்கு முள்ளாகவும் ஆகக்கூடும் என்பது தெரிகிறது.

நூறு புள்ளியும் ஒரு புள்ளியும்

இதற்கு நேர்மாறான கதவும் அதே பத்தாண்டில் திறந்தது. தென்கொரியாவின் நேவர் நிறுவனம் 2002 அக்டோபரில் தொடங்கிய அறிவுத் தளம், கொரிய மொழியில் தேடிக் கிடைக்கக்கூடிய பக்கங்கள் குறைவாக இருந்த குறையைப் பொதுமக்களின் கேள்வி–பதில்களைக் கொண்டே போக்கியது. 2005 டிசம்பரில் யாகூ ஆன்சர்ஸ் வந்தது. அங்கே கணக்குத் தொடங்கிய உடனேயே 100 புள்ளிகள் கையில் இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் 5 புள்ளி குறையும், பதில் சொன்னால் 2 கூடும், சிறந்த பதிலாகத் தேர்ந்தால் 10. எந்தக் கேள்விக்கும் இடமுண்டு. புதியவரை ஈர்ப்பதில் அது பெரும் வெற்றி கண்டது. ஆனால் ஆழமான துறைசார் பதில் தேடியவருக்கு அது ஏமாற்றமளித்தது. 2021 மே 4 அன்று தளம் மூடப்பட்டது.

மென்பொருள் எழுதுவோருக்கு அன்று இருந்த பெரிய இடம் 1996இல் தொடங்கிய எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச். தேடுபொறி வழியே அங்கே போய்ச் சேர்ந்தால் பதிலுக்கு முன்னால் சந்தா கேட்டு நிற்கும். அந்த எரிச்சலிலிருந்து ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்பால்ஸ்கியும் 2008 செப்டம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் திறந்தார்கள். எல்லாமே இலவசம், எழுதியதெல்லாம் திறந்த உரிமத்தில். லேனா மாமிகினாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 92 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடை கிடைத்தது. முதல் விடைக்கான இடைநிலைக் காத்திருப்பு 11 நிமிடம். வியக்கத்தக்க வேகம் அது.

இங்கே புதியவரின் கையிருப்பு 1 புள்ளி. பிடித்த பதிலுக்கு ஆதரவு வாக்குப் போட 15 புள்ளி வேண்டும். அடுத்தவர் பதிவின் கீழ் ஒரு வரி கருத்துச் சொல்ல 50 வேண்டும். விளக்கம் கேட்க வந்த புதியவர் கருத்திட முடியாமல், பதிலுக்கான பெட்டியில் தன் சந்தேகத்தை எழுதுவார். அது பதில் இல்லை என்று நீக்கப்படும். கேள்வியை ‘ஹலோ’ என்று தொடங்கினால் மென்பொருளே அந்தச் சொல்லை வெட்டிவிடும். கடைசியில் நன்றி சொல்லியிருந்தால் யாராவது திருத்தி எடுத்துவிடுவார்கள். முன்பே கேட்கப்பட்ட கேள்வி என்றால் பழைய உறுப்பினர்கள் சிலர் வாக்களித்து மூடுவார்கள். எதிர் வாக்கு ஒன்றுக்கு 2 புள்ளி குறையும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு: விளம்பரக் குப்பையைத் தடுப்பது, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது, ஒரே விடை பத்து இடங்களில் சிதறாமல் பார்த்துக்கொள்வது. ஆனால் தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் முதல் கேள்வியை எழுதிய ஒரு கல்லூரி மாணவருக்கு இவையெல்லாம் ஒரே மணி நேரத்தில் நேர்ந்தால், காரணங்கள் கண்ணில் படாது. வணக்கம் சொன்னதே குற்றமாகிவிட்டது போலத்தான் தோன்றும்.

அடிப்படை நோக்கம் எதுவென்று நிறுவியவர்கள் மறைக்கவில்லை. 2011இல் அட்வுட் எழுதிய ஒரு கட்டுரை கேள்விகளை மணலுக்கும் பதில்களை முத்துக்கும் ஒப்பிட்டது. முத்து விளைவிப்பவர் சலித்துப் போகாதபடி தளத்தை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த நோக்கின்படி, ஒரு கேள்வி கேட்டவருக்காக மட்டும் விடை பெறுவதில்லை; நாளை தேடுபொறி வழியே வந்து சேரப்போகும் ஆயிரம் பேருக்காகவே அது சேமிக்கப்படுகிறது. கேட்டவர் அந்த நூலகத்துக்கு ஒரு தலைப்பைத் தருபவர் மட்டுமே. இதைப் புள்ளிக் கணக்கிலேயே படிக்கலாம். தொடக்கத்தில் நல்ல கேள்விக்கு விழும் ஒவ்வோர் ஆதரவு வாக்குக்கும் 10 புள்ளி இருந்தது. 2010 மார்ச்சில் அது 5 ஆகக் குறைக்கப்பட்டது. பதிலுக்கு மட்டும் 10 நீடித்தது. கேள்விக்கு மீண்டும் 10 கிடைக்க 2019 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல கேள்வி கேட்பதும் உழைப்புதான் என்று தளம் ஒப்புக்கொள்ள ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

கனிவைக் கேட்டுப் பெறுதல்

சிக்கலை நிறுவனம் உணராமல் இல்லை. பதிலுக்குப் பதிலாக, நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று ஏளனம் செய்யும் இணைப்புகளைத் தளம் தடை செய்தது. 2012 கோடையில் புதியவரிடம் பரிவு காட்டச் சொல்லி ஸ்பால்ஸ்கி ஓர் இயக்கத்தையே தொடங்கினார். 2013இல், மூடப்பட்ட கேள்வியின் மேல் முதல் சில நாள்களுக்கு ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்ற மென்மையான வாசகம் வந்தது. இவை பெரும்பாலும் தொனியைத் திருத்தும் முயற்சிகள். கட்டமைப்பை அவை தொடவில்லை.

இந்நிலையில் கல்விப்புலத்திலிருந்து வந்த சான்றுகள் கனமானவை. டெனே ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் 22 பெண்களிடம் நேர்காணல் நடத்தி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பங்களிக்கவிடாமல் தடுக்கும் 14 தடைகளை இனம்கண்டார்கள். பிறகு ஆணும் பெண்ணுமாக 1470 மென்பொருள் உருவாக்குநர்களிடம் கேட்டபோது, அவற்றில் ஐந்து பெண்களை ஆண்களைவிடக் கூடுதலாகப் பாதிப்பது தெரிந்தது. பங்களிக்கும் அளவுக்கு நமக்கு விஷயம் தெரியுமா என்ற ஐயம் அவற்றுள் ஒன்று. பெருங்கூட்டத்தோடு போட்டியிட வேண்டியிருக்கும் மலைப்பு இன்னொன்று.

2018 ஏப்ரலில், அப்போது நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஜே ஹான்லன், புதிதாக நிரல் எழுதுவோரையும் பெண்களையும் நிறச் சிறுபான்மையினரையும் இத்தளம் அரவணைக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். பழைய உறுப்பினர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். பத்தாண்டு உழைத்துக் குப்பையை அகற்றியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்பது அவர்கள் கேள்வி. அதிலும் நியாயம் இருந்தது: மூடும் வாக்கையும் எதிர் வாக்கையும் கையில் கொடுத்து, இதுவே தரம் காக்கும் வழி என்று பழக்கியது நிறுவனம்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய நடத்தை விதி வந்தது. முதல் பதிவிட்டவரின் பெயரருகே ஒரு வாரத்துக்குக் கையசைக்கும் சின்னமும், இவர் புதியவர், கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்ற குறிப்பும் தோன்றின. அறிவுரை இப்போது கேள்வி தோன்றும் இடத்திலேயே, கேட்பவரிடமிருந்து பதில் சொல்பவர் பக்கம் திரும்பியது. இதை ஒரு திருப்புமுனை என்றே கருதுகிறேன், அப்போதும் கையாண்ட கருவி எழுத்துதான் என்றாலும்.

கூட இருந்து திருத்துதல்

ஆள் துணை வேண்டும் என்ற எண்ணத்துக்கு முன்மாதிரி விக்கிப்பீடியாவில் இருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பின் தொகுப்பாளர் எண்ணிக்கை சரிந்ததை ஆராய்ந்த ஆரன் ஹாஃபேக்கரும் உடனிருந்தோரும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் பங்களிப்புகளை உடனுக்குடன் நிராகரித்த முறைகளை முக்கியக் காரணமாக 2013இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அங்கே ‘டீஹவுஸ்’ திறக்கப்பட்டிருந்தது: புதியவர் எதையும் கேட்கலாம், முதலில் வரவேற்று, பிறகு பதில் சொல்ல ஆள் இருப்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலும் புதுப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் வரவேற்புச் செய்தி இடும் வழக்கம் உண்டு. ஒத்தாசைப் பக்கத்துக்கும் ஆலமரத்தடிக்கும் வழிகாட்டுவது அது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இதைச் சோதித்துப் பார்த்தவரும் டெனே ஃபோர்டுதான். கிறிஸ்டினா லஸ்டிக், ஜெரமி பேங்க்ஸ், கிறிஸ் பார்னின் ஆகியோருடன் அவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கேள்வி எழுதிக்கொண்டிருக்கும் புதியவர்கள் ஒரு மாத காலம் தனி உதவி அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அனுபவசாலிகள் வரைவைப் படித்து, பின்னணியை எங்கே சேர்க்க வேண்டும், நிரல்வரிகளை எப்படி அடுக்க வேண்டும், எந்தச் சொல் தளத்தின் வழக்கத்துக்கு ஒவ்வாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படித் திருத்தப்பட்ட கேள்விகளின் சராசரி மதிப்பெண், துணையின்றி எழுதப்பட்டவற்றைவிட 50 விழுக்காடு உயர்ந்திருந்தது. நூலகத்தின் தரமும் புதியவரின் மானமும் ஒன்றுக்கொன்று பகை என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை.

இதே தத்துவத்தில் அமைந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் ‘ஸ்டேஜிங் கிரவுண்ட்’ பகுதி 2022இல் சோதனைக்கு வந்து, 2024இல் முழுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. முதல் கேள்வி அங்கே, அதைத் திருத்த உதவும் அனுபவமுள்ள உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும். எதிர் வாக்கு கிடையாது. திருத்தம் முடிந்தபின் பொதுவெளிக்குப் போகும்.

இடையில் 2022 நவம்பர் 30 அன்று செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியான சாட்ஜிபிடி வெளிவந்திருந்தது. மரியா டெல் ரியோ-சனோனா, நாட்சியா லாரன்ட்சேவா, யோஹானஸ் வாக்ஸ் ஆகியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, அடுத்த ஆறு மாதத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் இயக்கம், அக்கருவி எளிதில் எட்டாத ரஷ்ய, சீனத் தளங்களோடு ஒப்பிடுகையில் 25 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிடுகிறது. எஞ்சிய பதிவுகளுக்கு விழுந்த வாக்குகளின் அளவு மாறவில்லை. போனவை வெறும் மணல்தான் என்றால் எஞ்சியவற்றின் சராசரி உயர்ந்திருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. நல்ல கேள்விகளும் சேர்ந்தே வேறிடம் போயிருக்கின்றன. எத்தனை முறை கேட்டாலும் கடிந்துகொள்ளாத ஓர் இயந்திரத்திடம் மக்கள் போனதில் புதுமை ஏதுமில்லை. உதவி அறைச் சோதனைக்கும் ஸ்டேஜிங் கிரவுண்டின் முழுத் திறப்புக்கும் நடுவே கழிந்த ஆறு ஆண்டுகள்தான் இந்த வரலாற்றில் கூடுதலாக ஆராயப்பட வேண்டியவை. ஏனெனில் ஸ்டேஜிங் கிரவுண்டில் வரைவைத் திருத்திக்கொடுக்கிறவர்கள், முன்பு கேள்விகளை மூட வாக்களித்த அதே தன்னார்வலர் வட்டத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் புதியவரின் கேள்வியைப் பொதுவெளிக்குப் போகும் முன்பே படிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.