பொன்மலை எஞ்சினில் ஒரு மின்காந்தம்

தமிழகத்து ரயில்களில் மின்காந்தம் வேலைக்கு வந்த வரலாற்றில் திருச்சிக்குத் தனி இடம் உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த அதன் பணிமனை 1920-களின் இறுதியில் திருச்சியின் பொன்மலைக்கு மாறியது. 1929-இல் ஸ்ரீரங்கம் வழியே விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் திறந்தபோது ஓடியவை நீராவி எஞ்சின்கள். நீராவியை விடும் ரெகுலேட்டரை டிரைவர் கையால்தான் திறந்தார். 1931-இல் அதே நிறுவனம் சென்னைக் கடற்கரை–தாம்பரம் இடையே 1,500 வோல்ட் மின்ரயிலை விட்டது. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் கைபட முடியாதது. மின்காந்தத்தின் துணையோடு தொலைவிலிருந்தே அதை இணைக்கவும் துண்டிக்கவும் வேண்டியிருந்தது.

டீசல் காலத்தில் அந்த வேலை இன்னும் நுணுக்கமானது. ஆல்கோ வகை எஞ்சின்கள் பலவற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்திய வுட்வர்ட் கவர்னருக்குள் ஏ, பி, சி, டி என நான்கு சாலினாய்டுகள், அதாவது இரும்புத் தண்டை இழுக்கும் மின்காந்தச் சுருள்கள், உண்டு. டிரைவர் கைப்பிடியை ஒரு படியிலிருந்து (நாட்ச்) இன்னொன்றுக்கு நகர்த்தினால் 72 வோல்ட் மின்சாரம் அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் போகும். எவை இழுக்கின்றன, எவை சும்மா இருக்கின்றன என்ற சேர்க்கையே எஞ்சின் வேகத்தை எட்டுப் படிகளில் ஏற்றி இறக்கும்.

இந்த இழுவையைக் கணக்கிடுவது எளிதன்று. மின்னோட்டம் மாறாதிருக்க, தண்டுக்கும் காந்த முனைக்கும் இடையே உள்ள காற்று இடைவெளி பாதியானால் விசை நான்கு மடங்காகும். ஆனால் தண்டு நெருங்க நெருங்க இரும்பு தெவிட்டத் தொடங்கும். ஏறத்தாழ 2 டெஸ்லாவைத் தாண்டிய பின் சுருளில் எவ்வளவு மின்சாரம் கூட்டினாலும் பலன் மிகக் குறைவு. 1880-களில் ஹாப்கின்சன் சகோதரர்கள் வகுத்த காந்தச் சுற்று முறை, காந்தப் பாயத்தை மின்னோட்டம்போல் பாவித்து, காகிதத்திலேயே ஒரு நல்ல மதிப்பீட்டைத் தந்தது. விளிம்பில் சிதறும் பாயமும் தெவிட்டலும் சேர்ந்தபோது அது தடுமாறியது. 1970-இல் பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும் இரும்பையும் காற்றையும் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்துக் கணினியில் தீர்க்கும் வழியை வெளியிட்டார்கள். மின்காந்தப் பொறியியலில் அதற்கு இணையான திருப்பம் அரிது.

மிஞ்சிய சிக்கல் இரும்பின் நினைவு. மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தம் தங்கும். ஸ்பிரிங் தள்ளினாலும் தண்டு ஒட்டிக்கொள்ளும். அது நேராதிருக்கத் தண்டுக்கும் முனைக்கும் நடுவே மெல்லிய பித்தளைத் தகடு வைப்பது பழைய வழக்கம். காந்தம் ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் வேறு என்பதைச் சமன்பாட்டில் அடக்க 1935-இல் பிரைசாக்கும் 1980-களில் ஜைல்ஸ், ஆதர்ட்டன் இருவரும் மாதிரிகள் தந்தனர். தகட்டின் கனத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல அவை கைகொடுக்கின்றன.