அமெரிக்கக் காங்கிரசின் அழைப்பாணையும் அவமதிப்பு அதிகாரமும்

சாட்சியம் அளிக்க மறுப்பவரைப் பணியவைக்கும் வழி இல்லையெனில், சட்டமன்றம் விடுக்கும் அழைப்பாணை வெறும் வேண்டுகோளாகவே நின்றுவிடும். அமெரிக்க அரசியலமைப்பு அத்தகைய வழி எதனையும் வெளிப்படையாகக் கூறவில்லை. அவமதிப்புக்காகத் தண்டிக்கும் அதிகாரம் அவையின் இயல்பிலேயே அடங்கியது என்று 1821இல் ஆண்டர்சன் எதிர் டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் கூட்டத்தொடர் முடிவுற்றதும் சிறைவைப்பும் முடிவுறும் என வரையறுத்தது. தொடரின் இறுதி நாள்களில் வாய்திறக்க மறுக்கும் சாட்சி, சில நாள்கள் பொறுத்திருந்தால் போதும்.

இக்குறையை நீக்கவே 1857ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஊழல் தொடர்பான உறுப்பினர்களின் பெயர்களை வெளியிட நாளிதழ் நிருபர் ஒருவர் மறுத்ததே அதற்கு உடனடிக் காரணம். மறுப்பு குற்றமாயிற்று, ஓராண்டு வரை சிறை விதிக்க இடமேற்பட்டது. ஆனால் தண்டனை வலுப்பெற்ற அதே வேளையில் அதன் கடிவாளம் கைமாறியது. குற்றவழக்கைத் தொடர வேண்டியவர் ஆட்சித்துறைக்கு உட்பட்ட அரசு வழக்கறிஞர். ஆட்சித்துறையே விசாரணைக்கு உள்ளாகும்போது இவ்வேற்பாடு எவ்வளவு உதவும் என்பதே இங்கு எழும் வினா.

1924இல் செனட் குழு விசாரித்தது, வழக்குத் தொடரும் துறையின் தலைவராகிய அட்டர்னி ஜெனரல் ஹாரி டாகர்ட்டியின் செயற்பாடுகளையே. ஒகையோவில் வங்கித் தலைவராக இருந்த அவருடைய உடன்பிறந்தார் மாலி டாகர்ட்டி இருமுறை அழைப்பாணையைப் புறக்கணித்தார். செனட் நீதிமன்றத்தை நாடாமல் தானே பிடியாணை பிறப்பித்தது; துணை அவைக்காவலர் மக்ரெய்ன் அவரைச் சின்சினாட்டியில் கைதுசெய்தார். ஆட்கொணர்வு மனுவின்பேரில் கீழ்நீதிமன்றம் விடுவித்தபோதிலும், 1927இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தனிமனிதர் விவகாரங்களைத் துருவும் பொது அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்ற 1881ஆம் ஆண்டுக் கில்போர்ன் தீர்ப்பு கைவிடப்படவில்லை. சட்டமியற்றலுக்குத் துணையாகும் விசாரணை என்பதே அளவுகோலாயிற்று. செனட் தொடர்ந்து நிலைபெறும் அவை என்பதால், இடைப்பட்ட காலத்தில் காங்கிரசின் பதவிக்காலம் முடிந்தது தடையாகாது என்றும் நீதிமன்றம் கருதியது. 1821இன் கால வரம்பு, செனட்டைப் பொறுத்தவரை, இங்கு பெரிதும் தளர்ந்தது. டாகர்ட்டிக்குப் பின் அட்டர்னி ஜெனரலாகி, பின்னர் நீதிபதியான ஸ்டோன் இத்தீர்ப்பில் பங்கேற்கவில்லை.

1935இல் மக்கிராக்கன் வழக்கிலும் இவ்வதிகாரம் உறுதிசெய்யப்பட்டது. ஆயினும் அதன்பின் எந்த அவையும் இம்முறையில் எவரையும் சிறைவைக்கவில்லை. அவைகள் 1857ஆம் ஆண்டின் வழியையே நாடின. 2012இல் பிரதிநிதிகள் சபை அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை அவமதிப்புக் குற்றத்திற்கு உள்ளாக்கியபோது, அவர் தலைமையேற்றிருந்த நீதித்துறை அமைச்சகம் வழக்குத் தொடர மறுத்தது.